நீல டேப் சுற்றிய போத்தல்

என் ரிஸானாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். கப்றில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்பதால் சொல்கிறேன். பதில் வராது என்று தெரியும். ரேடியோ திருத்துகிற அந்தப் பின்னறைக்குள் நீங்கள் புகுந்துகொண்டால், "சோறு ஆறுது" என்று நான் போடும் சத்தத்துக்கும் பதில் வந்ததில்லை. ஆகவே எனக்கு இது பழக்கம்தான்.

போன கிழமை, புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய என் இத்தா முடிந்தது. நாலு மாதத்துக்கு மேல் படலையைத் தாண்டாமல், அந்நிய ஆண் ஒருவருக்கும் முகம் காட்டாமல் இருந்து முடித்துவிட்டேன். சந்தைக்கு ஒருநாள் போகாவிட்டால் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறவள் நான். நீங்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அத்தனை நாளும் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஓதினேன், தொழுதேன். மிச்ச நேரமெல்லாம் உங்கள் அறையை ஒழுங்குபடுத்தினேன். பக்கத்து வீட்டு ஆயிஷா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இத்தாவில இரிக்கிற பொம்புள தஸ்பீஹ் மணி உருட்டாம கம்பி சுரண்டிக்கிட்டு இரிக்கா" என்று ஊருக்குச் செய்தி வாசித்தார். வாசிக்கட்டும் என்று விட்டேன்.

தொடங்கி வைத்தது ரிஸானாதான். ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் அந்த அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "உம்மா, இதெல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவம். சுண்ணாம்படிச்சா பிள்ளையள் வந்து நிக்கிற நேரம் படுக்க ஒரு அறையாகும்."

"குடுக்கலாம். நான் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்றன்" என்றேன். பாசத்தில் சொன்னதாக நினைக்க வேண்டாம். என்னுடைய நல்ல கத்தரிக்கோல் காணாமல் போய் இரண்டு வருசம். அது எங்கே இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் சரி. வயர் வெட்டி வெட்டி வாயெல்லாம் பல்லுப் பல்லாகப் போய் உங்கள் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ரிஸானாவின் வாப்பா, அந்த நேரம் நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நல்ல ஏச்சு வாங்கியிருப்பீர்கள்.

என்ன மனிசன் நீங்கள்! அரசாங்கக் கந்தோரில் கடதாசிக் கோவைகளை அடுக்கி வைத்தே பென்சன் எடுத்த ஒருவர், சொந்த அறையில் ஒரு பாத்திரத்திலாவது மேலே எழுதியிருக்கிற சாமானை வைத்திருக்கவில்லை. பால்மா டின்னுக்குள் சுவிட்ச். ஜாம் போத்தலுக்குள் டையோட். பிஸ்கற் டின்னுக்குள் அறுந்த ஸ்பீக்கர்கள். நடுத்தட்டில் மட்டும் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் உங்கள் கோழிக் கிறுக்கல்: 'பள்ளி மைக்', 'ஆயிஷா மாமி ரேடியோ', 'பட்டம் விட வந்த வெள்ளைக்காரன் போன், களப்பில் விழுந்தது'. எந்தச் சாமானிலிருந்து கழற்றினீர்களோ அந்தச் சாமானின் பெயரில் பை. ஒரு ரெசிஸ்டருக்குத் தான் யார் வீட்டு ரேடியோவில் இருந்தோம் என்ற ஞாபகம் எதற்கு? எனக்கு விளங்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டி, மன்னாரிலிருந்து எல்லாரும் வெளிக்கிட்ட அன்று, என் தையல் மெஷினின் தலையை விட்டுவிட்டு கரண்ட் பார்க்கிற உங்கள் மீற்றரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர் நீங்கள். அதுவே எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் என் வழியில் பிரித்தேன். வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, பொத்தான் பிரிக்கிற மாதிரி நிறத்துக்கும் அளவுக்கும் பிரித்தேன். ரெசிஸ்டர்களின் உடம்பில் ஓடும் கோடுகளைப் பார்த்து ஒரே கோடு உள்ளவற்றை ஒரே கிண்ணத்தில் போட்டேன். கதவின் பின்பக்கம் நீங்கள் ஒட்டியிருந்த அட்டையைப் பிறகுதான் கண்டேன். எந்த நிறத்துக்கு எந்த இலக்கம் என்று அதில் இருந்தது. நான் கோட்டைப் பார்த்துப் பிரித்தது சரிதான், ஆனால் பாதியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். திரும்பவும் கொட்டிப் பிரித்தேன்.

பிறகு சுத்தம் செய்கிற வேலை. இந்தக் கரையில் காற்றே உப்பு. சுவிட்சைக் கழற்றினால் பச்சைக் களிம்பு, பற்றரி வைக்கும் இடத்தில் பச்சை, பிளக்கின் காலில் பச்சை. பழைய பல்துலக்கும் பிரஷும் பள்ளிக்கூடத்து அழிரப்பரும் நீங்கள் எதற்கு வாங்கி அடுக்கினீர்கள் என்று அப்போது விளங்கியது. செம்புத் தகட்டை அழிரப்பரால் தேய்க்கத் தேய்க்க மினுங்கிக்கொண்டு வரும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது ஒரு நல்ல வேலைதான். நேரம் போனதே தெரியாது.

அப்படி இருக்கிறபோதுதான் செபமாலை வந்தார், ஆலங்குடாவில் இருந்து. கடலுக்குப் போகிறவர், உங்களை 'நானா' என்று அண்ணனாகக் கூப்பிடும் கூட்டாளி. பின் கதவுக்கு வெளியே நின்று இருமினார். நான் கதவில் சீலையை இழுத்துவிட்டு உள்ளே நின்று கதைத்தேன்.

"அக்கா, நானா மேல போக முந்தி என்ர ஜீ.பி.எஸ்.ஸத் திருத்தக் குடுத்தனான். கேக்க மனமில்லாம இருந்தனான். இப்ப கடல் நல்லாக் கிடக்கு."

"எது தம்பி, கைக்குள்ள அடங்கிற கறுப்புச் சாமானா? இரிக்கு. பற்றரி ஒழுகிப் பச்சையாக் கிடக்கு."

"அதுதான் அக்கா. கடலடியில மீன் கிடக்கிற கல்லெல்லாம் அதுக்குள்ளதான் குறிச்சு வச்சிருக்கிறன். நுரைச்சோலைக் கரண்ட் நிலையப் புகைபோக்கியப் பாத்துக் கரைக்கு வந்திரலாம். கல் எங்க கிடக்கெண்டு புகைபோக்கி சொல்லுமோ?"

மறுநாள் வரச் சொன்னேன். தேசிக்காய் வெட்டித் தா என்று நீங்கள் என்னிடம் கேட்கிற நேரமெல்லாம் குடிப்பதற்கா கேட்டீர்கள்? இல்லையே. பற்றரி ஒழுகிய இடத்துக்குத் தேசிக்காய்ப் புளியைத் தொட்டு வைத்தேன். பொரிந்தது. பிரஷால் தேய்த்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். கடைசியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பீர்கள், அதையும் கதவுக்குள்ளால் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட்டைத் தேடினேன்.

உங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இரண்டு ஸம்ஸம் போத்தல்கள் நின்றன. மக்காவுக்கு உம்றா போய் வந்தவர்கள் அந்தப் புனிதக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வீட்டுக்கு வீடு கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் போத்தல்கள், பச்சை எழுத்து ஒட்டியவை. ஒன்று வெறுமை. மற்றதில் பாதிக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஸ்பிரிட்.

மூடியை மூடாமல் போத்தலை அப்படியே தரையில் வைத்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்ன பிறகு, அந்தக் கடைசி நாள் காலை உங்கள் மூச்சு மாறியது. நான் தலைமாட்டில் இருந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். "மகள், அலுமாரியில ஸம்ஸம் இரிக்கு, எடுத்துக்கிட்டு ஓடிவா" என்று ரிஸானாவை அனுப்பினேன். அவள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. அழுது அழுது என் மூக்கு அடைத்திருந்தது. கரண்டியால் மூன்று தரம் உங்கள் வாயில் ஊற்றினேன். நீங்கள் விழுங்கினீர்கள். பிறகு சிரித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

சமைக்கிற குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். உங்கள் தங்கச்சி ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம், சீல்கூட உடையாமல், மாப் பேணிக்குப் பின்னால் நின்றது. நான் சொன்னது இந்த அலுமாரியை. பிள்ளை ஓடியது உங்கள் அலுமாரிக்கு.

அப்படியென்றால் உங்கள் வாயில் நான் ஊற்றியது என்ன? அதுதான் கேள்வி. அதை யாரிடம் கேட்பது?

வெறும் போத்தலை எடுத்து மணந்தேன். ஒரு மணமும் இல்லை. மாதக்கணக்காகக் காய்ந்த போத்தலில் என்ன மணம் இருக்கும்? அதன் கழுத்தில் நீல டேப் சுற்றியிருந்தது. ஸ்பிரிட் போத்தலில் சிவப்பு. டேப் சுற்றாத சாமான் அந்த அறையில் ஏது? அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ரிஸானாவின் கையில் நீலத்தைக் கண்ட ஞாபகம் இருந்தது. ஆனால் நீலப் போத்தலுக்குள் என்ன வைத்திருந்தீர்கள் என்பது அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

அந்தக் கிழமை நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? செபமாலையின் ஜீ.பி.எஸ். விளக்கெரிந்து வேலை செய்தது, எடுத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடவில்லை. ஸ்பிரிட் குடித்தால் தொண்டை எரியும், மனிசன் இருமுவான், நீங்கள் இருமவில்லை என்று எனக்கு நானே சொல்வேன். இரும உங்களிடம் பெலன் எங்கே இருந்தது என்று நானே திருப்பிக் கேட்பேன். ஆயிஷா மாமியிடம் நைசாக விசாரித்தேன். ஜனாஸா எடுத்த பிறகு மிச்சம் இருந்ததைப் பரக்கத்துக்கென்று அவர்தான் தன் கோப்பையில் ஊற்றி வாங்கினார், வெறும் போத்தலை ரிஸானா எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"மாமி, அண்டைக்கு அந்த ஸம்ஸம் தண்ணிய என்ன செஞ்சீங்க?"

"முழங்காலுக்குத் தடவினன் மகள். சும்மா சொல்லக்கூடா, ஜில்லெண்டு இருந்திச்சி. வலி பறந்திட்டுது!"

குடித்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதி. தடவினாராம். ஸ்பிரிட் தடவினாலும் ஜில்லென்றுதான் இருக்கும். அன்றிரவு நான் சுத்தமாகத் தூங்கவில்லை.

ரிஸானாவிடம் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் புத்தளத்தில் இருந்து நாள் தவறாமல் போன் எடுப்பாள். குவைத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கும், மாமன் மச்சான் எல்லாருக்கும் ஒரே கதைதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாப்பா ஸம்ஸம் குடிச்சி, சிரிச்சிக்கிட்டே மவுத்தானார். யாருக்குக் கிடைக்கும் அப்படி?" வந்த சனமும் அதையே சொன்னது. சொர்க்கத்தைக் கண்ட சிரிப்பு என்றார்கள். மௌலவியின் மனைவி வந்து உங்கள் கட்டிலைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார். நீங்கள் சுபஹுத் தொழுகைக்கு எழும்ப நான் எத்தனை தரம் போர்வையை இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு செபமாலை திரும்பி வந்தார். சீலைக்கு வெளியே அதே இருமல்.

"அக்கா, குறை நினைக்கக்கூடாது. திரும்பப் பச்சை பிடிச்சிட்டுது. நடுக்கடலில நிண்டுட்டுது."

"நான் நல்லாக் கழுவினனே தம்பி."

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

"கிணத்துத் தண்ணியிலதான்."

"ஐயோ அக்கா! உங்கட கிணறு சவரெல்லோ? தண்ணி காஞ்சாலும் உப்பு அங்கயே நிக்கும். நானா கிணத்துத் தண்ணியத் தொடவும் மாட்டாரே. அந்த ஸம்ஸம் போத்தலில வச்சிருப்பார், நான் குடுக்கிற மழைத்தண்ணி. அதிலதான் கழுவுவார்."

நான் சீலைக்குக் கிட்ட வந்தேன். "எந்தப் போத்தல்? அங்க ரெண்டு நிக்கிதே."

"நீலம் சுத்தினது தண்ணி, சிவப்பு சுத்தினது ஸ்பிரிட். மாறி எடுத்திராத எண்டு எனக்கு எத்தின தரம் சொல்லியிருக்கிறார்! மழை தொடங்கினா எங்கட கூரைத் தண்ணிய பிளாஸ்டிக் கானில பிடிச்சுக் கொண்டாறது நான்தான். முதல் மழை கூரையக் கழுவட்டும், ரெண்டாம் மழையப் பிடி எண்டுவார்."

மூன்று கரண்டி மழைத்தண்ணீர். அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு ஆயிஷா மாமியின் முழங்கால் ஞாபகம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. அடக்க முடியவில்லை.

"அக்கா... அழுறீங்களோ?"

"இல்ல தம்பி, சிரிக்கிறன்."

"ஆ, சரி" என்று அவர் ஓர் அடி பின்னால் வைத்தது கேட்டது. பாவம், பயந்திருப்பார். அதனால் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முதலில் சொன்னது அவரிடம்தான், முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. "உங்கட நானா கடைசியாக் குடிச்சது உங்கட வீட்டுக் கூரைத் தண்ணி தம்பி" என்றேன். வெளியே நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு சொன்னார்: "ரெண்டாம் மழைதான் அக்கா. நல்ல தண்ணி."

அடுத்த நாளே ஒரு கான் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஜீ.பி.எஸ்.ஸைத் திரும்பத் தேசிக்காய் போட்டு, மழைத்தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, பிறகு சிவப்புப் போத்தலைத் தொட்டுத் துடைத்தேன். இப்போது அவர் அதோடுதான் கடலுக்குப் போகிறார். போன கிழமை பாரை மீன் ஒன்று அனுப்பினார்.

ஆனால் எனக்கு மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்பு. மழைத்தண்ணீர் குடித்த மனிசன் எதற்குச் சிரித்தார்? அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீங்கள் மேலே பார்க்கவில்லை. நான் ஊற்ற முந்தியே ரிஸானாவின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தீர்கள். குடித்த பிறகு அவளை. பிறகு என்னை. இடது கன்னம் மட்டும் கொஞ்சம் ஏறியது. அது எனக்குத் தெரிந்த சிரிப்புத்தானே? உங்கள் அறைக்குள் நான் புகுந்து எதையாவது மாறித் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், ஒன்றும் சொல்லாமல், இவளோடு கதைத்துப் பலனில்லை என்று சிரிப்பீர்களே, அது. கல்யாணம் முடித்த நாள் முதல் எனக்கு எரிச்சலை மூட்டிய அதே சிரிப்பு. நாலு மாதமாக அதை ஊர் சொர்க்கத்துக்கு அனுப்பி வைத்திருந்தது, நானும் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிழையான போத்தல் என்று கண்டும் ஏன் வாயைத் திறந்தீர்கள்? தலையை ஆட்டியிருக்கலாமே. எனக்காகவா, பிள்ளைக்காகவா, இல்லை, தாகம்தானா?

இத்தா முடிந்த அன்று ரிஸானா பிள்ளைகளோடு வந்தாள். சொல்வதா விடுவதா என்று பகல் முழுக்க யோசித்தேன். நாலு மாதமாக அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அவளைப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. ஜனாஸா அன்றுகூட அவள் அழவில்லை, பிறகும் அழவில்லை. அதனால் அவளை உங்கள் அறைக்குக் கூட்டிப்போய், இரண்டு போத்தலையும் மேசையில் வைத்துச் சொன்னேன்.

"என்ன உம்மா சொல்றீங்க நீங்க? நான் குவைத்துக்கெல்லாம் சொல்லிட்டன்!"

"சொன்னது சொன்னதுதான். இப்ப தெரிஞ்சிக்க."

கதிரையில் இருந்துவிட்டாள். நீலப் போத்தலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப வாப்பா சிரிச்சது?"

"உன்னப் பாத்துத்தான் மகள். நீ பிழையான போத்தலோட நிண்ட நிலையப் பாத்து. உம்மாவும் மகளும் சேந்து என்ர தண்ணியக் கொண்டு வந்திட்டாளுகள் எண்டு சிரிச்சார்."

அவள் முதலில் சிரித்தாள். நடுவில் அந்தச் சிரிப்பு உடைந்து ஓவென்று அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையில் கால் முறிந்தபோது அழுத மாதிரி, வாயைத் திறந்து, சத்தம் போட்டு. என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு நல்ல மவுத்துக்கு அழக்கூடா எண்டு எல்லாரும் சொன்னாங்க உம்மா. நான் அழாம இருந்தன். எனக்கு அவரு சொர்க்கத்தப் பாத்துச் சிரிச்சது வேணாம். என்னப் பாத்துச் சிரிச்சதுதான் வேணும்."

நானும் அழுதேன். வேறு என்ன செய்ய?

பழைய இரும்புக்காரரைப் பற்றி அவள் பிறகு கதைக்கவில்லை. உங்கள் சாமான்கள் என் ஒழுங்கில் கிண்ணம் கிண்ணமாக இருக்கின்றன, உங்களுக்குப் பிடிக்காது. பள்ளிவாசல் மைக்கின் சுவிட்சைப் போன வியாழக்கிழமை கழுவிக் கொடுத்தேன். கரகரப்பு இல்லை என்று பாங்கு சொல்லும் மோதினார் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்களுக்கு துஆ கேட்பேன், உங்கள் பெயரால் ஏழைகளுக்கு ஸதகா கொடுப்பேன், எல்லாம் செய்வேன். ஆனால் உங்களை ஒரு அவுலியாவாக, மகானாக ஆக்க நான் இருக்கும்வரை யாரையும் விடமாட்டேன். இனி அந்தச் சிரிப்பைப் பற்றி யார் கதை எடுத்தாலும், அது எங்களைப் பார்த்துச் சிரித்தது, அது எங்களுக்குச் சொந்தம் என்று முகத்துக்கு நேரே சொல்வேன்.

உங்கள் போத்தலை மாறி எடுத்தவளின் உம்மா,
உங்கள் வீட்டுக்காரி.